தமிழ் அசைகளில் சொல்பிரிப்புச் சோதனை: ஒலித்தொடர் எங்கே கசிகிறது?

#1 சுழியம்

தமிழ் கேட்டு வளரும் 8 மாதக் குழந்தைகளுக்கு ஒரு சொல்பிரிப்புச் சோதனை, அதாவது இடைவெளியில்லாத ஒலித்தொடரில் சொல்லைக் குழந்தை பிரித்தெடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை, அமைக்க வேண்டும். அடிப்படை 1996-இல் சாஃப்ரான், ஆஸ்லின், நியூபோர்ட் மூவரும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு. நான்கு மூன்றசைச் சொற்களை இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல் 2 நிமிடம் ஓடவிட்டார்கள். சொல்லுக்குள் ஓர் அசைக்குப் பின் அடுத்த அசை கட்டாயம் வரும், அதாவது நிகழ்தகவு 1. சொல் முடிந்த இடத்தில் அது மூன்றில் ஒன்று. எல்லையைக் காட்ட வேறு எந்தத் தடயமும் கிடையாது. அப்படியிருந்தும் குழந்தைகள் சொல்லையும், எல்லையைத் தாண்டி வெட்டிய துண்டையும் வேறுபடுத்தினார்கள்.

அந்த ஆய்வின் இரண்டாம் சோதனைப் பட்டியலை அப்படியே தமிழ் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்: பாபிகு, டிபுடோ, கோலாடு, டாரோபி. தமிழ் டிடிஎஸ் (எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள்) குரலில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக உருவாக்கி, பிறகு வரிசையாக ஒட்டப்போகிறேன். இதில் தவறு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவு முடிந்தபின் திருத்துவது கடினம்.

#2 எண்சுவடி

ஒட்டுவதற்கு முன்பே கணக்கு உடைந்துவிட்டது. மூலப் பட்டியலில் முதல் சொல்லின் நடு அசையும் நான்காம் சொல்லின் கடைசி அசையும் வேறு வேறு. ஒன்று குரலொலிப்பு உள்ள 'பி' (bi), மற்றது குரலொலிப்பு இல்லாத 'பி' (pi). தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே பி. இப்போது உங்களிடம் 12 அசைகள் இல்லை, 11 தான். ஒவ்வொரு சொல்லும் 45 முறை வருகிறது என்றால் பி மொத்தம் 90 முறை வரும், அதில் 45 முறைதான் கு தொடரும். பி→கு 1 ஆக இருக்க வேண்டியது 0.5 ஆகிவிட்டது. பாபிகு நடுவிலேயே விரிசல் விட்டுவிட்டது.

மூல ஆய்வின் அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 4 சொல், தலா 45 முறை, ஆக 180 சொல். மூன்றால் பெருக்கினால் 540 அசை. வேகம் நிமிடத்துக்கு 270 அசை, எனவே சரியாக 2 நிமிடம், ஓர் அசைக்குச் சுமார் 222 மில்லிநொடி. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வரக்கூடாது. வரவிட்டால் எல்லையில் 0.33 கிடைக்காது, 0.25 ஆகும். 180 சொல்லுக்கு நடுவே 179 எல்லைகள். நான்கு சொற்களுக்கு 12 எல்லையிணைகள் சாத்தியம். ஆகவே பதினோரு இணைகள் 15 முறையும் ஒன்று 14 முறையும் வரும்படி வரிசையை எழுதி, ஸ்கிரிப்ட் போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். "ரேண்டமாகப் போட்டேன்" என்பது போதாது. 180 சொல்லில் ஒரு இணை 9 முறையும் இன்னொன்று 21 முறையும் வருவது சாதாரணமாக நடக்கும்.

#3 ஒலிப்பெட்டி

எண்சுவடி சொன்னது எழுத்துச் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் ஒலியில் இருக்கிறது.

தமிழில் வல்லினம் சொல்லின் முதலில் வந்தால் ஒரு ஒலி, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் வேறு ஒலி. 'பல்' என்பதிலுள்ள ப வேறு, 'கோபம்' என்பதிலுள்ள ப வேறு. 'கல்'லும் 'பகல்'லும் அப்படித்தான். டிடிஎஸ் குரல் இதைச் சரியாகத்தான் செய்யும், அங்கேதான் ஆபத்து. தனித்தனியாக உருவாக்கி ஒட்டினால் ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் குரலொலிப்பற்ற வல்லினம் கேட்கும், நடுவில் மெலிந்த ஒலி கேட்கும். குழந்தைக்கு நிகழ்தகவை எண்ண வேண்டிய தேவையே இல்லை. "வலுவான ப் கேட்டால் புதுச் சொல்" என்று பிடித்துக்கொள்ளும். நீங்கள் அளப்பது புள்ளியியல் கற்றல் ஆகாது, தமிழ் ஒலியமைப்பை அது எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறது என்பதாகிவிடும்.

மொத்தத்தையும் ஒரே சரமாகக் கொடுத்தாலும் தப்ப முடியாது. முதல் வல்லினம் தவிர எல்லாம் மெலிந்து ஒலிக்கும், நீண்ட சரத்தில் குரல் தானாக மூச்சுவிடும் இடம் தேடும், அங்கே முந்தைய அசை நீளும். அந்த நீட்சியும் எல்லைத் தடயம்தான்.

வல்லினத்தை விட்டுவிடுங்கள். ம, ந, ல, ர, வ போதும். உயிரில் குறில் அ, இ, உ மட்டும். நெடிலைக் கலந்தால் தாளம் உண்டாகும். எ, ஒ குறில்கள் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலும் முதல் அசையில்தான் வரும், அவையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 'வு' வேண்டாம், வகரத்தோடு உகரம் தமிழில் சொல்முதல் ஆகாது. ல, ர முதலில் வருவதில்லையே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வீட்டுப் பேச்சில் ரெண்டு, ரொம்ப, லேசா எல்லாம் உண்டு, அதனால் பெரிய தடை இல்லை.

இங்கே அசை என்று நாம் சொல்வது யாப்பிலக்கணத்தின் நேர், நிரை இல்லை. ஒரு மூச்சில் ஒலிக்கும் உயிர்மெய்த் துண்டு, அவ்வளவே. புதிதாகப் படிப்பவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

#4 சுழியம்

தெளிவாகிவிட்டது, நன்றி. புதுப் பட்டியல்: லிமுந, ரநிலு, மிலரி, நுவிம. அசைகள் 12, எதுவும் திரும்ப வரவில்லை. டிடிஎஸ்ஸை விட்டுவிட்டு ஒரு பெண் குரலில் அசைகளைப் பதிவு செய்து பிராட் (Praat) என்ற ஒலி மென்பொருளில் வெட்டி ஒட்டலாம் என்று நினைக்கிறேன்.

#5 காதோலை

எல்லைகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நுவிம + ரநிலு: நடுவில் 'மர' என்று கேட்கிறது. அந்த இணை 15 முறை வரும். நுவிம + மிலரி: 'மமி', வீட்டில் மம்மி என்று கேட்கும் குழந்தைக்கு அது அந்நியமான ஒலி இல்லை. ரநிலு-வுக்குள்ளேயே 'நிலு' இருக்கிறது. நடை பழக்கும் வீட்டில் 'நில்லு, நில்லு' என்பது ஓயாமல் காதில் விழும். 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கே சில சொற்களின் பொருள் தெரியும் என்று பெர்கெல்சன், ஸ்விங்லி இருவரும் 2012-இல் காட்டிவிட்டார்கள். அறிந்த சொல் ஒன்று தொடருக்குள் நுழைந்தால் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு அதன் இரு பக்கமும் வெட்டும். போர்ட்ஃபெல்டும் குழுவினரும் 2005-இல் கண்டது அதுதான்: 6 மாதக் குழந்தை தன் பெயரையோ அம்மாவை அழைக்கும் சொல்லையோ பற்றிக்கொண்டு அடுத்த சொல்லைப் பிரித்தெடுத்தது.

பட்டியலைச் சோதிக்க என் வழி: சொல்லுக்குள் அடுத்தடுத்து வரும் உள்ளிணை 8, எல்லையிணை 12, ஆக 20 ஈரசைத் துண்டுகளையும் எழுதி, ஒவ்வொன்றையும் ஒற்று சேர்த்தும் நெடிலாக்கியும் படித்துப் பாருங்கள். வீட்டுச் சொல் எதுவும் தட்டுப்படக்கூடாது.

அடுத்தது ஒலிப்பதிவு. சொற்களை முழுதாகப் பேசவைத்து ஒட்டினால் அசைகளுக்கு இடையே நாக்கின் நகர்வு பதிந்துவிடும், எல்லையில் மட்டும் அது இருக்காது. 8 மாதக் குழந்தைகள் புள்ளியியலைவிட இந்த நகர்வுத் தடயத்தையும் அழுத்தத்தையும் அதிகம் நம்புகிறார்கள் என்று ஜான்சன், ஜூஸ்சிக் 2001-இல் காட்டினார்கள். ஆகவே ஒவ்வொரு அசையையும் ஒரு மூன்றசைச் சரத்தின் நடுவில் வைத்துப் பேசவைத்து, அந்த நடுத் துண்டை மட்டும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் 222 மில்லிநொடிக்குக் கொண்டுவந்து, சுருதியைத் தட்டையாக்கி, ஒலியளவைச் சமப்படுத்துங்கள். ஒரு அசைக்கு ஒரே கோப்பு, எந்த இடத்தில் வந்தாலும் அதே கோப்பு. நகரம் எழுதும்போது கவனம்: பேசுபவருக்குக் கொடுக்கும் தாளில் முதலில் ந, நடுவில் ன என்று மாற்றி எழுதினால் அவர் நாக்கும் மாறும். தொடரின் தொடக்கமும் முடிவும் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல்லின் தொடக்கம் பளிச்சென்று கேட்டுவிடும்.

#6 எண்சுவடி

பட்டியலை நான் இப்படி மாற்றுவேன்.

அ மொழி: லிமுந, மலுரி, நுலமி, விநிர.
ஆ மொழி: மிவிநி, ரநுல, முநம, லுரிலி.

அதே 12 அசைகள்தான். ஆனால் ஆ மொழியின் ஒவ்வொரு சொல்லும் அ மொழியில் எல்லையைத் தாண்டிய துண்டு. நுலமி முடிந்து விநிர தொடங்கும் இடத்தில் மி+விநி. விநிர முடிந்து நுலமி தொடங்கும் இடத்தில் ர+நுல. திருப்பிப் பாருங்கள்: ஆ மொழியில் லுரிலி முடிந்து முநம தொடங்கினால் லி+முந, முநம முடிந்து லுரிலி தொடங்கினால் ம+லுரி. சோதனைக்கு நான்கே உருப்படிகள்: லிமுந, மலுரி, மிவிநி, ரநுல. பாதிக் குழந்தைகள் அ மொழி கேட்கட்டும், பாதி ஆ மொழி. முதல் குழுவுக்குச் சொல்லாக இருப்பது இரண்டாம் குழுவுக்குத் துண்டு.

இதனால் என்ன லாபம்? மிவிநி-யில் மூன்றும் இகரம், காதுக்கு அதுவே தனியாகத் தெரியும். அந்தக் கவர்ச்சி ஒரு குழுவில் துண்டின் பக்கம் சேரும், மறு குழுவில் சொல்லின் பக்கம் சேரும், கடைசியில் கழிந்துவிடும். மூல ஆய்வும் இப்படித்தான் அமைந்தது. இதைச் செய்யாமல் ஒரே மொழியை எல்லோருக்கும் போட்டால், வந்த முடிவு ஒலியின் அழகாலா எண்ணிக்கையாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு ஓட்டை பாக்கி. சொல் 45 முறை கேட்கிறது, துண்டு சுமார் 15 முறைதான். குழந்தை நிகழ்தகவு பார்க்கவில்லை, எது அடிக்கடி வந்தது என்றுதான் பார்த்தது என்று எதிர்வாதம் வரும். ஆஸ்லின், சாஃப்ரான், நியூபோர்ட் 1998-இல் இதற்குத்தான் பதில் சொன்னார்கள். இரண்டு சொற்கள் 90 முறை, இரண்டு 45 முறை, தொடர் 3 நிமிடம். 90 முறை வரும் சொற்களின் சந்திப்பில் பிறக்கும் துண்டும் 45 முறை வரும். அதை 45 முறை வரும் சொல்லோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சமம், நிகழ்தகவு மட்டும் வேறு. அப்போதும் குழந்தைகள் பிரித்தறிந்தார்கள். முதல் சுற்றில் நீங்கள் எளிய வடிவத்தையே செய்யுங்கள், ஆனால் "நிகழ்தகவு" என்ற சொல்லை முடிவுரையில் எழுதாதீர்கள்.

#7 நிகண்டு

சோதனை அமைப்பு நன்றாக வருகிறது. ஆனால் இது மொழி வளர்ச்சியைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. நான்கு சொல், எல்லாம் மூன்றசை, இரண்டே நிமிடம். எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?

சார்லஸ் யாங் 2004-இல் குழந்தைகளிடம் பேசிய உண்மையான ஆங்கிலப் பேச்சை எடுத்து, நிகழ்தகவு தாழும் இடமெல்லாம் வெட்டும் நிரலை ஓட்டினார். வெட்டி எடுத்தவற்றில் 41.6 விழுக்காடுதான் உண்மையான சொல். இருந்த சொற்களில் 23.3 விழுக்காடுதான் கிடைத்தது. காரணம் எளிது. குழந்தையிடம் பேசும் ஆங்கிலம் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். ஓரசைச் சொல்லுக்கு உள்ளே நிகழ்தகவு என்று ஒன்று இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்க முடியாது. நீளத்தைக் கலந்தால் குழந்தையும் தடுமாறுகிறது: ஈரசையும் மூன்றசையும் கலந்த தொடரில் 5.5 மாத, 8 மாதக் குழந்தைகள் சொல்லைப் பிரிக்கவில்லை என்று ஜான்சன், டைலர் 2010-இல் காட்டினார்கள்.

தமிழில் இன்னொரு முள். 'பால் இருக்கு' என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. 'பாலிருக்கு': பா, லி, ருக், கு. சொல்லெல்லை 'லி' என்ற அசையின் வயிற்றுக்குள் இருக்கிறது. அசையை எண்ணுபவனுக்கு அங்கே வெட்டவே முடியாது. 'அவன் எங்கே' அவனெங்கே ஆகும், 'கண் எரியுது' கண்ணெரியுது ஆகும். உடம்படுமெய் வந்தால் இல்லாத ஒலியும் முளைக்கும். இதற்குப் புள்ளியியல் என்ன பதில் வைத்திருக்கிறது?

#8 எண்சுவடி

யாங்கின் எண்கள் சரி. அவர் காட்டியது ஒரு குறிப்பிட்ட நிரலின் தோல்வி: அசை மட்டும், முன்னோக்கி மட்டும், பள்ளத்தில் மட்டும் வெட்டு. அந்த மூன்றையும் ஒரு குழந்தை கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. பெலூச்சி, ஹே, சாஃப்ரான் 2009-இல் ஆங்கிலக் குழந்தைகளுக்கு இயல்பான இத்தாலியப் பேச்சையே கொடுத்தார்கள், செயற்கைக் குரல் அல்ல. 8 மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தார்கள். அடுத்து என்ன வரும் என்பது மட்டுமில்லை, இதற்கு முன் என்ன வந்திருக்கும் என்ற பின்னோக்கு நிகழ்தகவும் அவர்களுக்குப் பயன்படுகிறது.

சந்திக்கு வருகிறேன். ஐந்தே வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள்:

அம்மா வா. அம்மாவுக்கு. அப்பா வா. அப்பாவுக்கு. பாப்பாவுக்கு.

அம்→மா 2-க்கு 2. அப்→பா 2-க்கு 2. பாப்→பா 1-க்கு 1. வுக்→கு 3-க்கு 3. மா-வுக்குப் பின் வா ஒரு முறை, வுக் ஒரு முறை, அதாவது 0.5. பா-வுக்குப் பின் வா ஒரு முறை, வுக் இரண்டு முறை, அதாவது 0.33, 0.67. தாழ்வான இடத்தில் வெட்டினால் கிடைப்பது: அம்மா, அப்பா, பாப்பா, வா, வுக்கு.

'வுக்கு' சொல் இல்லை என்று நிரலுக்கு மதிப்பெண் குறைப்பார்கள். தமிழ் கற்கும் குழந்தைக்கு அது குறையா? நான்காம் வேற்றுமை உருபு, உடம்படுமெய்யோடு சேர்ந்து கையில் கிடைத்திருக்கிறது. ஒட்டுநிலை மொழியில் சொல்லைவிட உருபு அடிக்கடி வரும். எதைத் தேடி வெட்டுகிறோம் என்பதைச் சொல்லெல்லை என்று மட்டும் வைத்தால் பாதிப் பயனைக் குப்பையில் போடுகிறோம்.

'பாலிருக்கு' மட்டும் நீங்கள் சொன்னபடிதான். அசையை அலகாக வைத்தால் தீராது, ஒலியை அலகாக வைக்க வேண்டும். ஆனால் வீட்டில் 'பால் குடி', 'பாலு வேணுமா', தனியாக 'பாலு' எல்லாமே கேட்கிறது. தனித்து ஒலிக்கும் சொற்கள் பிரித்தலுக்கு உதவுகின்றன என்பதை லூ-வில்லியம்ஸ், பெலூச்சி, சாஃப்ரான் 2011-இல் காட்டியிருக்கிறார்கள்.

#9 ஒலிப்பெட்டி

நிகண்டு சொன்ன தடுமாற்றத்துக்கு வயதும் ஒரு காரணம். தீசன், சாஃப்ரான் 2003-இல் அழுத்தத்தையும் நிகழ்தகவையும் மோதவிட்டார்கள். 7 மாதத்தில் குழந்தை நிகழ்தகவின் பக்கம் நின்றது, 9 மாதத்தில் அழுத்தத்தின் பக்கம். எண்ணிக்கையால் முதலில் சில சொற்கள் கிடைக்கின்றன, அந்தச் சொற்களிலிருந்து தன் மொழியில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரிகிறது, பிறகு அந்த விரைவுவழியே முதன்மையாகிறது. எனக்கு நம்பத்தகுந்த படம் இதுதான். தமிழில் ஆங்கிலம்போன்ற சொல்லழுத்தம் இல்லாததால் அந்த இரண்டாம் படியில் வேறு ஏதோ நிற்க வேண்டும். முதலில் வல்லினம், நடுவில் மெலிந்த ஒலி என்ற அந்த வேறுபாடு நல்ல வேட்பாளர். சுழியம், உங்கள் அடுத்த சோதனை அதுவாகட்டும். இப்போது ஒழித்த தடயத்தை அப்போது வேண்டுமென்றே வைத்து அளக்கலாம்.

அசைக்குக் கீழேயும் இதே எண்ணிக்கை வேலை செய்கிறது. த, ட வேறுபாட்டை இந்தியில் வைத்து வெர்க்கர், டீஸ் 1984-இல் சோதித்தார்கள். ஆங்கிலக் குழந்தைகளால் 6-8 மாதத்தில் கேட்க முடிந்தது, 10-12 மாதத்தில் முடியவில்லை. பத்து, பட்டு இரண்டையும் தினம் கேட்கும் குழந்தைக்கு அந்தக் கதவு மூடாது. மேய், வெர்க்கர், கெர்க்கன் 2002-இல் இதன் வழிமுறையைத் தொட்டார்கள். எட்டுப் படிகளில் ஓர் ஒலியை இன்னொன்றாக மாற்றி, ஒரு குழுவுக்கு இரு ஓரங்களை ஒட்டிய படிகளை அதிகமாகவும் மற்றக் குழுவுக்கு நடுப் படிகளை அதிகமாகவும் கொடுத்தார்கள். இரண்டு குவியல் கேட்ட குழந்தைகளே பிறகு அந்த ஒலிகளை வேறுபடுத்தினார்கள்.

#10 நிகண்டு

உருபு வாதத்தை ஏற்கிறேன், அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு எல்லை போடுகிறேன். மார்க்கஸ் 1999-இல் 7 மாதக் குழந்தைகளிடம் காட்டியது எண்ணிக்கையால் விளங்காது. முதலும் மூன்றும் ஒன்றாக உள்ள வரிசையைப் பழக்கி, முற்றிலும் புதிய அசைகளால் சோதித்தார். புதிய அசைகளுக்கு முன்கணக்கே கிடையாது, இருந்தும் அமைப்பை அடையாளம் கண்டார்கள். இலக்கணத்துக்குப் போகும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

#11 மழலைமேடை

பேச்சு தாமதமான குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்காக ஒரு கேள்வி. இதை வைத்துக் குறைபாட்டைக் கண்டறிய முடியுமா? தொடர்ந்து ஒலிநாடா, காணொலி ஓடவிட்டால் பயன் உண்டா?

#12 காதோலை

முதல் கேள்விக்கு: குழுவாகப் பார்த்தால் வேறுபாடு உண்டு. எவான்ஸ், சாஃப்ரான், ரோப்-டோரஸ் 2009-இல் மொழிக் குறைபாடுள்ள பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு 21 நிமிடத் தொடர் கொடுத்தார்கள். அவர்கள் தற்செயல் அளவிலேயே நின்றார்கள். 42 நிமிடமாக்கியபோது பேச்சொலியில் தேறினார்கள், இசைச்சுரத் தொடரில் அப்போதும் தேறவில்லை. ஆனால் ஒரு தனிக் குழந்தைக்கு இதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்னும் தேர்வில் ஊகித்தாலே 50 விழுக்காடு வரும். உருப்படிகள் குறைவு, எல்லாம் ஒரே கடினம், தேர்வின்போதே துண்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அவையும் பழகிவிடும். இன்று 60 எடுத்த குழந்தை அடுத்த வாரம் 48 எடுக்கலாம்.

இரண்டாவதற்கு: ஓடவிடுவதால் பயன் இல்லை. கூல், சாவ், லியூ 2003-இல் அமெரிக்கக் குழந்தைகளுக்கு 9 மாதத்தில் தொடங்கி மாண்டரின் கேட்கவைத்தார்கள். 25 நிமிடம் வீதம் 12 அமர்வுகள். நேரில் ஆள் பேசி விளையாடிய குழு மாண்டரின் ஒலியைக் கற்றது. அதே ஆள், அதே பேச்சு டிவிடியில் கேட்ட குழு எதையும் கற்கவில்லை. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: குழந்தை பார்க்கும் பொருளைப் பற்றி, அந்தச் சொல்லைப் பல வாக்கியங்களில் வைத்து, ஒரு முறை தனியாகவும் சொல்லுங்கள். 'பந்து. பந்து எங்க? பந்தைக் குடு. பந்துக்குள்ள என்ன?' பந்து மாறாமல் நிற்க, சுற்றி உள்ளவை மாறுகின்றன.

#13 சுழியம்

எண்சுவடியின் இரண்டு மொழிகளையும் எடுத்துக்கொண்டேன். 20 துண்டுகளையும் வாய்விட்டுப் படித்தேன். அ மொழியில் 'நம' மட்டும் 'நம்ம' போலத் தொனிக்கிறது. ஒற்று இல்லாததால் விட்டுவிடலாமா? குழந்தை மூன்று பக்கத் தடுப்புக்குள் அம்மா மடியில் உட்காரும். அம்மா காதில் ஹெட்ஃபோனில் பாட்டு ஓடும். பக்க விளக்கு மின்னும்போது ஒலி வரும், 2 நொடி வேறு பக்கம் தலை திருப்பினால் அல்லது 15 நொடி ஆனால் நிற்கும். எவ்வளவு நேரம் கேட்டது என்பதுதான் அளவு. நான்கு உருப்படி, தலா மூன்று முறை.

#14 காதோலை

'நம' முழுச் சோதனை உருப்படி எதிலும் இல்லை என்பதால் அ மொழியில் தொந்தரவு இல்லை. ஆ மொழியில் 'முநம' சொல்லாகவே இருக்கிறது, ஆனால் அது சோதனையில் வராது. விட்டுவிடலாம். ஆனால் ஆ மொழியின் எல்லைகளில் நான் முன்பு சொன்ன 'மர', 'மமி', 'நிலு' மூன்றும் திரும்ப வருகின்றன, அதன் வரிசையை எழுதுமுன் அதை மறுபடி பாருங்கள்.

ஒன்றை மட்டும் முதல் குழந்தை வருமுன் எழுதி வையுங்கள்: எந்தத் திசையில் வேறுபாடு வந்தாலும் இரு பக்கச் சோதனையாகவே கணக்கிடுவேன் என்று. 1996-இல் குழந்தைகள் துண்டுகளை அதிக நேரம் கேட்டார்கள், சொல்லுக்குச் சராசரி 6.77 நொடி, துண்டுக்கு 7.60. புதுமையின் பக்கம். பெலூச்சியின் இத்தாலியச் சோதனையில் பழகியதன் பக்கம். முடிவைப் பார்த்தபின் திசைக்கு விளக்கம் தேடினால் எந்த முடிவும் வெற்றியாகிவிடும். விளக்கை இயக்குபவர் எந்தக் குழந்தை எந்த மொழி கேட்டது என்று அறியாதவராக இருக்கட்டும். அவருக்கும் ஹெட்ஃபோன் கொடுங்கள்.

#15 சுழியம்

எழுதிவிட்டேன். வரிசைக் கோப்பையும் எண்ணினேன்: நான்கு சொற்களும் 45, அடுத்தடுத்து வருவது 0, எல்லையிணைகள் பதினொன்று 15, ர→ம மட்டும் 14. நடு அசைப் பதிவை நாளை தொடங்குகிறோம்.